பெயர் மாற்றத்தின்போது கூடிய வீட்டுத் தீர்வை: எங்கே முறையிடுவது?

கேள்வி (வீட்டு உரிமையாளர், நெல்லை மாவட்டம்):
அனைவருக்கும் வணக்கம். நகராட்சிப் பகுதியில் எங்களுக்குத் தாத்தா காலத்து ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. தந்தையார் காலமானபின் தீர்வையை, அதாவது வீட்டு வரியை, என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தேன். அப்போது வீட்டை மறுபடி அளந்தவர்கள், இதுவரை 1,180 சதுர அடியாக இருந்த பரப்பை 1,290 என்று எழுதி, வரியையும் உயர்த்தி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்கவில்லை. ஓர் அரையாண்டும் தவறாமல் வரி கட்டிய தந்தையாரின் ரசீதுகள் அனைத்தும் என்னிடம் உள்ளன. இனி நான் என்ன செய்ய வேண்டும்?

பதில் (பாளையங்கோட்டை):
தம்பி, வரி அதிகம் என்று மட்டும் மனு எழுதாதீர்கள். விகிதத்தை ஒருவருக்காக யாரும் குறைக்க மாட்டார்கள். ஆனால் பரப்பிலோ, வீடா கடையா என்ற பயன்பாட்டிலோ, கட்டடத்தின் வயதிலோ பிழை இருந்தால் அதைத் திருத்தக் கேட்பது உங்கள் உரிமை. 2022 சொத்து வரிச் சீராய்வில் நம் பக்கத்து நகரங்களில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடும், 1,200 வரை 50 விழுக்காடும், 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேல் 100 விழுக்காடும் உயர்த்தினார்கள். 1,200ஐத் தாண்டியதாக எழுதியதால் நீங்கள் அடுத்த படியில் வைக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால், பழைய வரி 1,000 ரூபாயாக இருந்த வீட்டுக்கு 1,500க்குப் பதில் 1,750 ஆகிவிடும். கூடுதல் பரப்புக்கான வரி வேறு.

உங்கள் வீட்டில் முற்றம் உண்டா? முன்கூடமான தார்சாவுக்கும் அடுக்களைக்கும் நடுவே வானம் பார்த்த முற்றம் இருந்து, வெளிச்சுவரை மட்டும் அளந்து பெருக்கினால் அதுவும் கட்டடமாகிவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. புகைப்படத்தோடு முறையிட்ட பிறகே திருத்தினார்கள்.

பதில் (வருவாய்ப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்):
அண்ணாச்சி சொல்வது சரி. நோட்டீஸில் குறித்துள்ள கெடுவுக்குள் ஆணையருக்குச் சீராய்வு மனு கொடுங்கள். கெடு தப்பினால் நியாயமான மனுவும் நிற்காது. பழைய ரசீது, கட்டட வரைபடம், அளவுடன் கூடிய கைப்படம் ஆகியவற்றை இணைத்து, வீட்டை உங்கள் முன்னிலையில் மறு அளவீடு செய்யுமாறு கேளுங்கள். மனுவின் நகலில் தேதியுடன் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். அவர்கள் எழுதிய அளவுக் குறிப்பைக் காட்ட மறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் நகல் கேட்கலாம். ஆனால் அதற்கு 30 நாள் வரை ஆகுமாதலால் அதற்காக மனுவை நிறுத்தி வைக்க வேண்டாம். வரியையும் நிறுத்தாதீர்கள், ஆட்சேபத்துடன் செலுத்துவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். ஆணையரின் உத்தரவு பாதகமானால் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. அதற்கும் பிறகுதான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. நேரே அங்கே போனால், முதலில் மேல்முறையீடு செய்யுமாறு பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை நானும் மகனும் நாடா பிடித்து அளந்தோம். முற்றம் 11 அடிக்கு 10 அடி, அதாவது 110 சதுர அடி. கூடுதலாக எழுதப்பட்டிருப்பதும் சரியாக அதே அளவுதான். கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருப்பதால், புகைப்படங்களோடு நாளையே மனுவைக் கொடுக்கிறேன்.