மூல நிரல் திறந்திருக்கு, சரி. ஓடுற பைனரி (கணினி இயக்கும் கோப்பு) அதிலிருந்துதான் வந்ததா?

திறந்தமூலன்
மூடிய மென்பொருளுக்கு வக்காலத்து வாங்குறவங்ககிட்ட ஒரே கேள்வி. உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கவே முடியாத ஒன்றை எதை வைத்து நம்புறீங்க? நிரல் திறந்திருந்தா திருடன் மாட்டுவான். 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற கம்ப்ரஷன் நூலகத்தில் ஒளித்துவெச்ச பின்வாசல் அம்பலமானது அப்படித்தான். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) லாகின் அரை நொடி இழுக்குதேன்னு ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டினார், கிடைச்சுது. மூடியிருந்தா எங்கே தோண்டுவது?

பைட்டெண்ணி
அந்த உதாரணமே உங்களுக்கு எதிரா சாட்சி சொல்லுது நண்பரே. அவர் நிரலை வாசித்துச் சந்தேகப்படலை. ஓடுற பைனரி எடுத்துக்கிற நேரத்தையும் வால்கிரைண்ட் (நினைவகப் பிழை தேடும் கருவி) காட்டின பிழைகளையும் பார்த்துத்தான் சந்தேகப்பட்டார். நிரலைச் சேமிக்கிற கிட் களஞ்சியத்தை வரிவரியா படித்திருந்தாலும் பின்வாசலைத் திறக்கிற பகுதி கண்ணில் பட்டிருக்காது, ஏன்னா அந்த எம்4 கோப்பு (பில்டைத் தயார் செய்யும் மேக்ரோ கோப்பு) கிட்டில் இல்லவே இல்லை. எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 வெளியீட்டு டார் கோப்புகளில் (மூல நிரலைக் கட்டி வெளியிடும் பொதி) மட்டும் இருந்தது. கிட்டில் இருந்தது சோதனைக் கோப்புகளுக்குள் மறைத்த பைனரிப் பொதி. கெட்டுப்போன எக்ஸ்இசட் கோப்பு மாதிரின்னு பேர் வெச்சா அதை யார் பிரித்துப் பார்ப்பாங்க?

ஹார்ட்பிளீட் ஓட்டை மட்டும் என்ன? அது இருந்த குறியாக்க நூலகம் ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1 வந்தது 2012 மார்ச், ஓட்டை வெளியே தெரிந்தது 2014 ஏப்ரல். ரெண்டு வருஷமும் நிரல் திறந்தேதான் கிடந்தது.

இரட்டைக்கட்டு
ரெண்டு பேரும் வேற வேற கேள்விக்குப் பதில் சொல்றீங்க. நிரல் நல்லதாங்கிறது ஒண்ணு. அந்த நிரலிலிருந்துதான் இந்த பைனரி வந்ததாங்கிறது இன்னொண்ணு. ரெண்டாவதுக்கு வழி இருக்கு: சம்பந்தமில்லாத ரெண்டு பேர் தனித்தனியா பில்ட் பண்ணி (நிரலிலிருந்து பைனரியைக் கட்டி) ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரி ஒரு எண்) ஒத்துப்போகுதான்னு பார்க்கணும். சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் மேல நடந்த தாக்குதலில் களஞ்சியம் சுத்தமாத்தான் இருந்தது. பில்ட் நடக்கும் நேரத்தில் ஒரு மூலக் கோப்பை மாற்றிவெச்சு, முடிந்ததும் பழசைத் திரும்ப வெச்சுட்டாங்க. வெளியே வந்த அவங்க ஓரியன் மென்பொருள் அப்டேட்டில் முறையான கையொப்பமும் இருந்தது. வேற இடத்தில் இன்னொரு பில்ட் நடந்திருந்தா ஹாஷ் இடிச்சிருக்கும்.

பைட்டெண்ணி
கேட்க நல்லாருக்கு. பண்ணிப் பார்த்தா ரெண்டு பில்ட் அவ்வளவு லேசில் ஒத்துவராது.

இரட்டைக்கட்டு
வராததுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த நாலில் ஒண்ணு.

நேரம்: தேதி, நேர மேக்ரோக்கள் பைனரிக்குள் போய் உட்காரும். சோர்ஸ் டேட் எப்பாக் என்ற சூழல் மாறிக்குக் கடைசி கமிட்டின் (கிட்டில் பதிந்த மாற்றம்) நேரத்தைக் கொடுங்க. ஜிசிசி கம்பைலர் (நிரலைப் பைனரியாக்கும் கருவி) 7ஆம் பதிப்பு முதல் அதை மதிக்குது.

பாதை: டீபக் (பிழை தேட உதவும்) தகவலில் பில்ட் கோப்புறையின் முழுப் பாதை பதியும். ஜிசிசி 8இல் வந்த ஃபைல் ப்ரிஃபிக்ஸ் மேப் கொடியால் அதை வெட்டலாம்.

வரிசை: கோப்புறையைப் படிக்கும்போது கோப்புகள் எந்த வரிசையில் வரும்னு கோப்பு முறைமை முடிவு பண்ணுது. டாரில் பெயர்வாரியா அடுக்கச் சொல்லுங்க, உரிமையாளர் எண்ணும் குழு எண்ணும் 0, எம்டைம் (கோப்பை மாற்றிய நேரம்) நிலையா ஒரே மதிப்பு. ஜிசிப்புக்கு ‘-n’ கொடி. இல்லைன்னா தலைப்பில் கோப்புப் பெயரும் நேரமும் ஏறிக்கும்.

லொகேல் (மொழி, வட்டார அமைப்பு): ஒரே பட்டியலையே லொகேலுக்கு ஒரு மாதிரி வரிசைப்படுத்தும். சி லொகேலில் நிறுத்திடுங்க.

அப்பவும் இடிச்சா டிஃப்போஸ்கோப் கருவியைப் போட்டுப் பாருங்க, பொதிக்குள் பொதியா இறங்கி வித்தியாசம் எங்கேன்னு காட்டும்.

வேர்க்கணக்கு
இதெல்லாம் செய்திருந்தாலும் எக்ஸ்இசட் தப்பிச்சிருக்கும், அதையும் சொல்லுங்க. நஞ்சு கலந்த டாரை ரெண்டு பேர் பில்ட் பண்ணினா நஞ்சுள்ள ஒரே ஹாஷ் ரெண்டு இடத்திலும் வரும், பச்சை விளக்கு எரியும். போதாததுக்கு அந்தப் பின்வாசல் எக்ஸ்86-64 லினக்ஸில், டெப் அல்லது ஆர்பிஎம் நிறுவல் பொதி கட்டும்போது மட்டும்தான் விழிக்கும். சந்தேகப்பட்டு ஒருத்தர் கையால் பில்ட் பண்ணினா சுத்தமான நூலகம் கிடைக்கும்!

திறந்தமூலன்
அப்போ டாரை வாங்காம கிட் டேகிலிருந்து (வெளியீட்டைக் குறிக்கும் அடையாளம்) கட்டுங்க. முடிஞ்சுது. டாரில் வர்ற, பில்டைத் தயார் செய்யும் கான்ஃபிகர் கோப்பு எப்படியும் இயந்திரம் எழுதினது. ஆட்டோரீகான்ஃப் கருவியை ஓட்டி நாமே உருவாக்கிக்கலாம்.

வேர்க்கணக்கு
முதல் பாதி சரி. டாருக்குமேல் ஆட்டோரீகான்ஃப் ஓட்டினா போதும்னு மட்டும் நினைச்சுடாதீங்க. அந்த எம்4 கோப்பில் சீரியல் எண் 30னு போட்டிருந்தாங்க. கெட்டெக்ஸ்ட் தொகுப்பின் அசல் கோப்பைவிட எண் பெரிசு, அதனால் கருவி இதையே புதுசுன்னு எடுத்துக்கிட்டு அப்படியே விட்டுடும். கோப்பையே அழிச்சுட்டு ஓட்டணும். கிட் டேகிலிருந்து கட்டினா எம்4 வராது, சோதனைக் கோப்புகள் செத்த பைட்டுகளாக் கிடக்கும். ஆனா அடுத்தவன் எம்4-ஐயே கிட்டில் போட்டுட்டா?

பைட்டெண்ணி
அதான் நானும் கேட்கிறேன். போட்டவன் வெளியாள் இல்லை, பராமரிப்பாளர் உரிமை உள்ளவன். கையொப்பமும் அவன் சாவியில்தான். கையொப்பம் யார் அனுப்பினாங்கன்னு சொல்லும், எதை அனுப்பினாங்கன்னு சொல்லாது.

இரட்டைக்கட்டு
அங்கேதான் வடிவமைப்பு வருது. எஸ்எஸ்எச்டிக்கு (எஸ்எஸ்எச் சேவைக்கு) எக்ஸ்இசட்டின் எல்இசட்எம்ஏ நூலகம் எதுக்கு? அசல் ஓபன்எஸ்எஸ்எச்சில் அந்த இணைப்பே கிடையாது. சேவை தயார்னு சிஸ்டம்டிக்கு (லினக்ஸில் சேவைகளை நடத்தும் நிரல்) ஒரு வரி சொல்றதுக்காகச் சில வினியோகங்கள் லிப்சிஸ்டம்டியை ஒட்டின; அதன் வாலைப் பிடிச்சு லிப்எல்இசட்எம்ஏவும் அதே நினைவகத்துக்குள் வந்து, ஆர்எஸ்ஏ சரிபார்ப்புச் செயற்கூற்றைத் தன் பக்கம் திருப்பிக்கிச்சு. அந்த ஒரு வரி ஒரு யூனிக்ஸ் சாக்கெட்டில் (நிரல்கள் தங்களுக்குள் பேசும் வழி) எழுதுற சமாச்சாரம். ஓபன்எஸ்எஸ்எச் 9.8இல் அதைத் தாங்களே எழுதிக்கிட்டாங்க, நூலகம் இல்லாம.

திறந்தமூலன்
எல்லாரும் எல்லாத்தையும் தாங்களே எழுத ஆரம்பிச்சா அது வேற வகை ஓட்டை. கம்ப்ரஷனைச் சொந்தமா எழுதி பஃபர் வழிய விடுறதுக்கு நூலகமே தேவலை.

இரட்டைக்கட்டு
கம்ப்ரஷனை எழுதச் சொல்லலையே. சாக்கெட்டில் ஒரு வரி எழுதக் கம்ப்ரஷன் நூலகத்தை உள்ளே இழுக்காதீங்கன்னுதான் சொல்றேன். ரூட்டாக (முழு அதிகாரத்தோட) ஓடுற சேவைக்கெல்லாம் எல்டிடி கருவி தரும் நூலகப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு நூலகமும் யாரால் வந்ததுன்னு பாருங்க. எல்டிடி சார்பின் சார்பையும் சேர்த்தே காட்டும். நேரடி இணைப்பு எதுன்னு பிரிக்க ரீட்எல்ஃப் கருவி வேணும். நம்பாத பைனரிமேல் எல்டிடி ஓட்டாதீங்க, அது நிரலையே இயக்கிவிடக்கூடும்.

பைட்டெண்ணி
கம்பைலரை விட்டுட்டீங்க. தன்னையே கம்பைல் பண்ற கம்பைலருக்குள் நிரலில் தெரியாத பொறியை வைக்கலாம்னு கென் தாம்ப்சன் 1984லேயே காட்டிட்டார்.

இரட்டைக்கட்டு
அதுக்கும் வழி இருக்கு: கிக்ஸ் என்ற லினக்ஸ் வினியோகக் குழு 2023இல் 357 பைட் விதை பைனரியிலிருந்து படிப்படியா ஏறி ஜிசிசி வரை கட்டிக் காட்டிட்டாங்க.

வேர்க்கணக்கு
357 பைட்டும் ஒரு கர்னல்மேலதானே ஓடுது? அது வேற இழை, தனியாத் திறங்க. இங்கே எல்டிடி பட்டியல் எடுத்தவங்க போடுங்க, பார்ப்போம்.