கேஎம்எஸ் கீ பாலிசியால் பட்ட பாடு: உங்கள் அனுபவங்களைப் போடுங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

நானே ஆரம்பிக்கிறேன். கஞ்சிக்கோட்டில் ஒரு சின்ன ஆலை. அவர்களுடைய ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) கணக்கு எங்கள் கைக்கு வந்தது. பழைய ஏஜென்சியோடு ஏதோ மனஸ்தாபம், பாதியில் விட்டுப் போய்விட்டார்கள். பேக்கப் எல்லாம் எஸ்3 என்ற சேமிப்பகத்தில், கேஎம்எஸ் கீ (ஏடபிள்யூஎஸ்ஸின் கீ மேனேஜ்மென்ட் சர்வீஸில் இருக்கும் என்க்ரிப்ஷன் சாவி) போட்டுப் பூட்டியது. எனக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்சஸ் உண்டு. ஃபைலை இறக்கினால் ஆக்சஸ் டினைட். சரி, அந்தச் சாவியை யார் தொடலாம் என்று எழுதியிருக்கும் கீ பாலிசியையாவது பார்க்கலாம் என்று போனால் அதற்கும் அனுமதி இல்லை.

ஐஏஎம்மில் (கணக்கில் ஆட்களுக்கு அனுமதி தரும் இடம்) எவ்வளவு அதிகாரம் இருந்தாலும் கீ பாலிசி வழிவிடாமல் ஒன்றும் நடக்காது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கணக்கின் சொந்தக்காரருக்கான ரூட் லாகின் இருக்கிறதே என்று ஒரு நப்பாசை. முதலாளியே நேரில் வந்தார். ரூட் மெயில், எம்எஃப்ஏ எல்லாம் அவர் போனில்தான். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஆறு இலக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லியபடி அடித்தார். முதல் தடவை அடித்து முடிப்பதற்குள் நம்பர் மாறிவிட்டது. மறுபடி அடித்து உள்ளே போய், நான் சொல்லச் சொல்ல அவரே கீயைத் திறந்தார். அதே சிவப்புப் பெட்டி. "கணக்கு என் பேரில் இருக்கு, மாசாமாசம் பில் நான் கட்டறேன், எனக்கே இல்லையா தம்பி?" என்றார். என்ன பதில் சொல்ல? கீ பாலிசியில் இடம் இல்லை என்றால் ரூட் யூசருக்கும் அந்தக் கீயில் உரிமை கிடையாது.

கணக்கில் யார் என்ன செய்தார்கள் என்று பதிவாகும் கிளவுட்ட்ரெயிலில் தேடினோம். ஈவென்ட் ஹிஸ்டரி 90 நாள்தான் காட்டும், நல்லவேளை அதற்குள் இருந்தது. கீ பாலிசியில் மொத்தக் கணக்குக்கும் அனுமதி தந்து, ஐஏஎம் அனுமதிகளையும் அந்தக் கீயில் செல்ல வைக்கும் ரூட் ஸ்டேட்மென்ட்டை ஏஜென்சி ஆள் எடுத்துவிட்டு, தன் ரோலை (அனுமதிகள் கட்டிய ஓர் அடையாளம்) மட்டும் வைத்திருக்கிறார். பாலிசியைச் சேமிக்கும்போது ஒரு லாக்அவுட் சோதனை நடக்கும் அல்லவா, சேமிக்கிற ஆள் அடுத்த முறையும் பாலிசியை மாற்ற முடியுமா என்று மட்டும்தான் அது பார்க்கும். அவரால் முடியும், தேறிவிட்டது. போகும்போது அந்த ரோலையும் அழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதே பெயரில் புது ரோல் உருவாக்கிப் பார்த்தோம், பலிக்கவில்லை. பாலிசி பிடித்து வைத்திருப்பது ரோலின் உள் ஐடியை, பெயரை அல்ல. கடைசியில் சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டு, கணக்கு இவருடையதுதான் என்று நிரூபித்து மீட்டோம். ரூட் ஸ்டேட்மென்ட்டை எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

களியக்காவிளை டெவ்ஆப்ஸ்:

உங்களுக்காவது சிவப்புப் பெட்டி வந்தது. எனக்கு கேஎம்எஸ் என்ற எழுத்தே கண்ணில் படவில்லை.

திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. கிளையன்ட் ஒரு துணிக்கடை. திருவோணத்துக்கு முந்தின நாள், உத்திராடப் பாச்சல் என்று ஊரே கடைத்தெருவில் நிற்கும், சைட்டிலும் அதே கூட்டம். கூட்டத்துக்கு ஏற்ப சர்வர்களைக் கூட்டும் ஆட்டோ ஸ்கேலிங் புது மெஷின்களைக் கிளப்புகிறது, கிளம்பிய வேகத்தில் சாகிறது. ஆக்டிவிட்டி பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன்: லாஞ்சிங், டெர்மினேட்டிங், லாஞ்சிங், டெர்மினேட்டிங், திரை கீழே கீழே ஓடுகிறது. காரணம் என்று போட்டிருந்தது "கிளையன்ட் எரர் ஆன் லாஞ்ச்". அவ்வளவுதான்.

பக்கத்து சீட்டு கொல்லத்துச் சேட்டன் ஏஎம்ஐ (புது மெஷின் கிளம்பும் இமேஜ்) கெட்டுப்போயிருக்கும் என்றார். இன்னொருத்தர் சப்நெட்டில் ஐபி தீர்ந்துவிட்டது என்றார். டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருக்கிறது என்ற நினைப்பே யாருக்கும் வரவில்லை. செக்யூரிட்டி டீம் ரொம்ப நாள் முன்பே கீ பாலிசியைச் சுருக்குகிறேன் என்று ஆட்டோ ஸ்கேலிங் தன் வேலைக்குப் பயன்படுத்தும் சர்வீஸ் லிங்க்ட் ரோலையும், அது கிராண்ட் (கீயைப் பயன்படுத்த இன்னொருவருக்குத் தரும் அனுமதி) உருவாக்கும் அனுமதியையும் வெட்டியிருந்தார்கள். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஏன் நடக்கும்? ஓடிக்கொண்டிருக்கிற சர்வரின் டேட்டா கீ (டிஸ்க்கைத் திறக்கும் சாவி) ஏற்கெனவே ஹார்ட்வேர் மெமரியில் உட்கார்ந்திருக்கிறது, பாலிசியை மாற்றினால் அது அசராது. புது மெஷின் தேவைப்படுகிற நாளில்தான் வெளியே வரும். அந்த நாள் உத்திராடமாக இருந்தது எங்கள் நேரம்.

சேட்டன் அன்றைக்குப் பாயசத்தைக் கீபோர்டு பக்கத்தில் வைத்துவிட்டு மறந்தே போனார், அது வேறு கதை.

நகரி நெசவுத்தெரு:

கொழிஞ்சாம்பாறை அண்ணன் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ரூட் ஸ்டேட்மென்ட்டை எடுத்தாலே தப்பு என்பது போலப் பேசுகிறீர்கள். அது இருக்கிறவரை கணக்கில் ஐஏஎம் அட்மினாக இருக்கிற யாரும் தனக்குத் தானே டிகிரிப்ட் (பூட்டியதைத் திறக்கும்) அனுமதி கொடுத்துக்கொள்ளலாம். நாங்கள் செய்வது லேப் ரிப்போர்ட் சாஃப்ட்வேர், நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில் இருக்கிறது.

ஆடிட்டர் வந்தார், தெலுங்குக்காரர், குரலை உயர்த்தவே மாட்டார். "இந்தக் கீயால் இன்றைக்கு யார் யார் டிகிரிப்ட் செய்ய முடியும், பட்டியல் கொடுங்கள்" என்றார். கொடுத்தோம். பேனாவை ஒவ்வொரு பெயராக நகர்த்திக்கொண்டே வந்து ஒரு பெயரில் நிறுத்தி, "இவர் யார்?" என்றார். புத்தூரில் இருந்து டிரெயினிங்குக்கு வந்த பையன். அவன் அப்போது அவருக்குத்தான் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தான். கையை எடுக்கவும் தெரியாமல் அப்படியே நின்றான். அவன் எதையும் திறந்து பார்த்தவன் இல்லை. அட்மின் குரூப்பில் அவனைச் சேர்த்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியாது.

ஆகவே எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்கத்தான் வேண்டும்.

ஸ்ரீசிட்டி சீனியர்:

எங்களுக்குச் சிக்கல் வந்தது மல்டி ரீஜியன் கீயில், அதாவது ஒரே கீயை ஒன்றுக்கு மேற்பட்ட ஏடபிள்யூஎஸ் ரீஜியன்களில் வைப்பது. மும்பையில் பிரைமரி, ஹைதராபாத்தில் ரெப்ளிகா (நகல்). கீ ஐடி ஒன்று, உள்ளிருக்கும் கீயும் ஒன்று, அதனால் பாலிசியும் ஒன்றாகத்தான் ஓடும் என்று டீமில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். டிஆர் டிரில் (மும்பை விழுந்தால் சமாளிக்கும் ஒத்திகை) அன்று ஹைதராபாத்தில் அப்ளிகேஷன் எழுந்தது, டேட்டாபேஸ் எழுந்தது, ஒரு பாஸ்வேர்டைக்கூடத் திறக்க முடியவில்லை. பாலிசி, கிராண்ட், டேக், அலையஸ் எல்லாம் ரெப்ளிகாவுக்குத் தனி. மும்பையில் சேர்த்த புது ரோல் அங்கே போய்ச் சேரவே இல்லை.

இப்போது எல்லோருக்கும் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். முதலில், கீயை நிர்வகிக்கிறவர் வேறு, பயன்படுத்துகிறவர் வேறு என்று இரண்டு ஸ்டேட்மென்ட் எழுதுங்கள். ஆனால் பாலிசியை மாற்றும் உரிமை வைத்திருப்பவர் நினைத்தால் தனக்கு டிகிரிப்ட்டும் எழுதிக்கொள்ளலாம், ஆகவே அந்தப் பக்கம் ஆட்கள் குறைவாக இருக்கட்டும். ஒரே கீயை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். மாதம் ஒரு டாலர்தான், அதில் மிச்சம் பிடித்து யாரும் வீடு கட்டியதில்லை. ஒரு சர்வீஸ் வழியாக மட்டும் பயன்பட வேண்டுமானால் வயா சர்வீஸ் கண்டிஷன் இருக்கிறது, போடுங்கள். பாலிசியில் ஏஆர்ஓஏ, ஏஐடிஏ என்று தொடங்கும் எழுத்துக் குவியல் தெரிந்தால் யாரோ ரோலையோ யூசரையோ அழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அன்றே சுத்தம் செய்யுங்கள். ரிசோர்ஸில் நட்சத்திரக் குறி இருந்தால் பதறாதீர்கள், கீ பாலிசியில் அது அந்த ஒரு கீயைத்தான் குறிக்கும். வேண்டாத கீ என்று தோன்றினால் நேராக டெலிட்டுக்குப் போகாதீர்கள், முதலில் டிஸேபிள் செய்து யார் கத்துகிறார்கள் என்று பாருங்கள். டெலிட்டுக்குக் காத்திருப்பு 7 முதல் 30 நாள், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 30. அதற்குள் கேன்சல் செய்யலாம், அதற்குப் பிறகு யாராலும் முடியாது. கிராண்ட் கொடுத்த உடனே பிடிக்கவில்லை என்று மறுபடி மறுபடி கொடுக்காதீர்கள், பரவக் கொஞ்சம் நேரம் ஆகும், அவசரம் என்றால் கிராண்ட் டோக்கனை அனுப்புங்கள். அப்புறம் பாலிசியைக் கன்சோலில் கையால் திருத்தவே கூடாது, டெராஃபார்மில் (அமைப்புகளைக் கோடாக எழுதும் கருவி) வைத்து இரண்டு பேர் பார்த்த பிறகே

மீனாட்சிபுரம் ரயில்:

சீனியர் அண்ணே, பாதியில் போஸ்ட் ஆகிவிட்டது. பரவாயில்லை, மீதியையும் தயவுசெய்து போட வேண்டாம். கேட்டது அனுபவம்.

என்னுடையது சின்னது. கொச்சியில் இருக்கும் பார்ட்னருக்கு எங்கள் எஸ்3 பக்கெட்டை (ஃபைல்கள் இருக்கும் இடம்) திறந்துவிட வேண்டும், அவர்களுக்குத் தனி ஏடபிள்யூஎஸ் கணக்கு. பக்கெட் பாலிசி சரி, அவர்கள் பக்கம் ஐஏஎம் சரி. ஃபைல் பட்டியல் தெரிகிறது, திறக்க வரவில்லை. போனில் அந்தப் பெண் "கிட்டுன்னில்ல கேட்டோ" என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். சரி, கீ பாலிசியில் அவர்கள் கணக்கைச் சேர்த்துவிடலாம் என்று திறந்தால் எடிட் பட்டனே இல்லை. பக்கம் முழுக்கத் தேடினேன். பிரவுசரை மாற்றிக்கூடப் பார்த்தேன்.

பக்கெட்டை உருவாக்கியவர் ஏடபிள்யூஎஸ் தானாகத் தரும் மேனேஜ்டு கீயை வைத்திருக்கிறார். அதன் பாலிசியைப் படிக்கலாம், மாற்ற முடியாது, வேறு கணக்குக்குக் கொடுக்கவும் முடியாது. புதிதாகச் சொந்தக் கீ ஒன்று உருவாக்கி, இருந்த ஃபைல் எல்லாவற்றையும் அந்தக் கீயில் திரும்ப காப்பி செய்ய வேண்டியதாயிற்று. எல்லாம் சின்னச் சின்ன ஸ்கேன் ஃபைல்கள். அந்தப் பட்டன் இல்லாத பக்கம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

களியக்காவிளை டெவ்ஆப்ஸ்:

நகரி சொல்வதற்கு ஒரு நடுவழி உண்டு. ரூட் ஸ்டேட்மென்ட் அங்கேயே இருக்கட்டும். டிகிரிப்ட்டுக்கு மட்டும் தனியாக ஒரு டினை (தடை) எழுதி, இந்த இரண்டு ரோல் தவிர வேறு யாருக்கும் கிடையாது என்று பிரின்சிபல் ஏஆர்என்னில் (கேட்பவரின் முழு அடையாளம்) கண்டிஷன் போட்டுவிடுங்கள். டினை இருந்தால் எந்த அலவும் (அனுமதியும்) அதை ஜெயிக்காது. கணக்கும் பூட்டிக்கொள்ளாது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

அட்மின் அந்த டினையை எடுத்துவிட்டால்?

நகரி நெசவுத்தெரு:

எடுக்கலாம். ஆனால் பாலிசியை மாற்றாமல் எடுக்க முடியாது, மாற்றினால் கிளவுட்ட்ரெயிலில் வரும். அதற்கு அலாரம் வைத்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் போன் அடிக்கும். களியக்காவிளை சொன்ன இதே வழியைத்தான் எங்கள் ஆடிட்டரும் கடைசியில் ஏற்றுக்கொண்டார். நான் ரூட் ஸ்டேட்மென்ட்டை எடுத்துவிடலாம் என்று அவரோடு மல்லுக்கட்டியது வேறு விஷயம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

அப்படியா! அப்போ அந்த டினை ஸ்டேட்மென்ட்டை இங்கே போடுங்கள். கணக்கு நம்பரை அழித்துவிட்டுப் போடுங்கள்.