அடையாருக்கு 2400 மீட்டர் தம் எங்கிருந்து வந்தது?

கேள்வி:
இங்கிலாந்தின் 2400 மீட்டர் குதிரைப் பந்தயமான எப்சம் டெர்பியின் 2021 வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஜெயித்த குதிரை பேர் அடையார், அம்மா பேர் அண்ணா சாலை, சென்னைக்காரன் விசிலடிக்காமல் என்ன செய்வான்! சரி, விஷயம் இதுதான். அப்பா ஃபிராங்கல் 14 பந்தயம் ஓடி 14-லும் ஜெயித்தது, ஆனால் சுமார் 2100 மீட்டருக்கு மேல் ஓடியதே இல்லை. மகன் மட்டும் 2400 எப்படித் தாங்கியது?

பதில் 1:
தாத்தாவைப் பாருங்க. ஃபிராங்கலின் அப்பா கலிலியோ 2001 டெர்பியை ஜெயித்தது, அதன் அம்மா அர்பன் சீ 1993-ல் பாரிஸில் ஆர்க் பந்தயத்தை ஜெயித்தது, அதுவும் 2400 மீட்டர்தான். 2009 டெர்பி ஜெயித்த சீ தி ஸ்டார்ஸுக்கும் அதே அம்மாதான், அப்பா மட்டும் வேறு. ஃபிராங்கலுக்கு வேகம் வந்தது அதன் அம்மா கைண்ட் பக்கம், அது குறைந்த தூரக் குதிரை.

பதில் 2:
அண்ணா சாலையை விட்டுட்டீங்களே? அதன் அப்பா துபாவி 2005 டெர்பியில் மூன்றாவது. அப்புறம், எல்லாமே ரத்தம் இல்லை. எப்சம் ஓடுதளத்தின் டாட்டன்ஹாம் வளைவு இறக்கத்தில் தடுமாறாமல் இறங்கணும், அன்று ஜாக்கி ஆடம் கிர்பி உள்வேலியை ஒட்டிக் கிடைத்த சந்தில் அடையாரைத் துணிந்து நுழைத்தார், பாதி வெற்றி அங்கேயே முடிந்தது.