ஜேர்மனியில் இக்ஸி: ஊசி மருந்துக்குக் காஸ பாதி கட்டுவது எப்படி? 40 வயது எல்லை எந்த நாளில் பார்ப்பார்கள்?

வடலி கேட்டது:

வணக்கம். இருவரும் அரச காப்புறுதியில் உள்ள தம்பதி, ஆனால் வேறு வேறு கிராங்கன்காஸ (மருத்துவக் காப்புறுதி நிறுவனம், சுருக்கமாகக் காஸ). கணவரின் விந்தணுக் குறைபாட்டால் இக்ஸி (ஆய்வுகூடத்தில் விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் முறை) செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மனைவிக்கு வரும் ஓகஸ்டில் 40ஆவது பிறந்தநாள், கணவருக்கு 44 வயது. சமூகச் சட்டநூல் 5, பிரிவு 27a-இன்படி பாதிச் செலவு கிடைக்கும் என்பது தெரியும். மருந்து விடயம்தான் தெளிவில்லை.

குறை ஆணிடம் இருந்தால் ஊசி மருந்துக்கு அவருடைய காஸ கட்டுமா? அப்போதேக்கயில் (மருந்துக்கடையில்) முழுக் காசையும் கொடுத்துவிட்டுப் பிறகு திருப்பி எடுக்க வேணுமா? மனைவியிடம் ஸூட்சாலுங் (மருந்துக்கு நாங்கள் கட்டும் சிறு பங்குத் தொகை) விலக்கு அட்டை இருக்கிறது, அது இதற்குச் செல்லுமா? 40 வயது எந்த நாளை வைத்துக் கணக்கிடப்படும்?

பனங்காடு:

முதலில் வயது, ஏனென்றால் உங்களுக்கு நேரம் குறைவு. பெண் 25 முதல் 40ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரை, ஆண் 25 முதல் 50ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரை. பார்க்கப்படுவது முட்டைகளை வளர்க்கும் தூண்டல் ஊசியின் முதல் நாள். அதற்கு முன் ஹோர்மோன் அடக்கும் மருந்து தொடங்கினால் அந்த மருந்தின் முதல் நாள். முட்டை எடுக்கும் நாளோ, கரு வைக்கும் நாளோ இல்லை. பிறந்தநாளுக்கு முந்தின கிழமை ஊசி தொடங்கினாலும் அந்தச் சுற்றுக்குப் பாதிச் செலவு உண்டு. அடுத்த சுற்றுக்கு இல்லை.

யார் எதற்குக் கட்டுவது என்பதில் குறை யாரிடம் என்ற கேள்வியே வராது. அரச காப்புறுதியில் யாருடைய உடலில் சிகிச்சை நடக்கிறதோ அவருடைய காஸ. தூண்டல் ஊசி, அல்ட்ராசவுண்ட், முட்டை எடுப்பது, ஆய்வுகூடத்தில் இக்ஸி செய்வது எல்லாம் மனைவியின் காஸ. விந்து எடுப்பது, பரிசோதிப்பது, தயார்ப்படுத்துவது, கணவரின் எச்ஐவி பரிசோதனை ஆகியவை கணவரின் காஸ. ஆகவே சிகிச்சைத் திட்டம், அதாவது பெஹாண்ட்லுங்ஸ்பிளான், இரண்டு காஸவுக்கும் போக வேணும். மனைவியின் காஸ தரும் அனுமதி வந்தவுடன் ஊசியைத் தொடங்கிவிட்டால், கணவர் பக்கப் பில் முழுதும் உங்கள் தலையில் விழும்.

அனுமதி கைக்கு வருமுன் வாங்கிய மருந்துக்குப் பாதி கிடைக்காது. சட்டம் சொல்வது சிகிச்சை தொடங்குமுன் திட்டத்தைக் கொடுத்து அனுமதி எடுக்க வேணும் என்பதுதான். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளினிக்கில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இக்ஸியில் அதிகம் சறுக்கும் இடம் ஸ்பெர்மியோகிராம், அதாவது விந்துப் பரிசோதனை அறிக்கை. விதிமுறை கேட்பது இரண்டு அண்மைய அறிக்கைகள், இடையில் குறைந்தது 12 கிழமை. ஒன்றுதான் கையில் இருந்தால் அடுத்ததுக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டிவரும், உங்கள் வயதுக் கணக்கில் அது பெரிய இழப்பு. முதல் அறிக்கையின் தேதியை இன்றைக்கே பாருங்கள். சிகிச்சை செய்யாத வேறொரு வைத்தியரிடம் ஆலோசனை பெற்ற தாளும் வேணும்.

இன்னொன்று. 27a கணவன் மனைவிக்கு மட்டும், சொந்த முட்டை, சொந்த விந்து மட்டும். இங்கே கோயிலில் தாலி கட்டி, ஸ்டாண்டெஸ்அம்டில் (அரச பதிவு அலுவலகத்தில்) பதியாத சோடிகளுக்கு இது கிடையாது. 2014இல் சமூக உச்ச நீதிமன்றம், காஸ தானாக விரும்பினாலும் திருமணமாகாதவர்களுக்கு இதை நீட்ட முடியாது என்று தீர்ப்பளித்துவிட்டது. இலங்கையில் பதிந்த கலியாணம் என்றால் சான்றிதழின் மொழிபெயர்ப்பைத் தயாராக வைத்திருங்கள்.

மருந்துமேசை:

பார்மசிப் பக்கம் நான் சொல்கிறேன். முழுக் காசும் கொடுக்கத் தேவையில்லை. அனுமதி இருந்தால் வைத்தியர் காஸ ரெசெப்ட் (காஸ கணக்கிலான மருந்துச் சீட்டு) எழுதுவார், அதில் 27a என்ற குறிப்பு இருக்க வேணும். இ-ரெசெப்டில் ஸூட்சாலுங் இடத்தில் இதற்கென்றே "செயற்கைக் கருத்தரிப்பு" என்ற தனித் தெரிவு உண்டு. அது சரியாக இருந்தால் அப்போதேக்க விலையில் பாதியை உங்களிடமும் பாதியைக் காஸவிடமும் எடுக்கும். 5 முதல் 10 யூரோ வரை வரும் வழமையான ஸூட்சாலுங் இதற்கு மேல் வராது. அந்தக் குறிப்பு விடுபட்டால் கணினி சாதாரண மருந்தாக எடுத்து 10 யூரோவுக்குத் தந்துவிடும். சந்தோசப்படாதீர்கள்: காஸ பிறகு பார்மசிக்குப் பணம் தர மறுக்கும், பார்மசி உங்களைத் தேடி வரும்.

விலக்கு அட்டை இதற்குச் செல்லாது. அது ஸூட்சாலுங்குக்குத்தான், 50 வீதப் பங்குக்கு இல்லை. நீங்கள் கட்டும் பாதியை வருட வருமானத்தின் 2 வீத எல்லைக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

ஆனால் கருவூட்டல் இல்லாமல், முட்டை வளர மட்டும் குளோமிஃபென் போன்ற மருந்து தந்து வீட்டில் முயற்சி செய்யச் சொன்னால் அது 27a இல்லை. வழமையான காப்புறுதி, ஸூட்சாலுங் மட்டும். அங்கே அட்டை செல்லும்.

அளவைப் பற்றி. ஒரு நாளைக்கு 225 அலகு, 10 நாள் என்றால் 2,250 அலகு. கோனல்-எஃப் என்ற தூண்டல் ஊசி என்றால் 900 அலகுப் பேனா இரண்டு, 450 அலகுப் பேனா ஒன்று. ஒரே தடவையில் எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். ஐந்தாறு நாளில் அல்ட்ராசவுண்ட் பார்த்து அளவைக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். கொடுத்த மருந்தைப் பார்மசி திருப்பி எடுக்காது, மிஞ்சியதன் பாதிக் காசு உங்களுடையது. முதலில் 900 ஒன்று, பிறகு தேவைக்கேற்ப எழுதித் தரச் சொல்லுங்கள். திறந்த பேனா 28 நாள் வரைக்கும் பாவிக்கலாம். சனி ஞாயிறு இடையில் வந்தால் முட்டை விடுவிக்கும் ஓவிட்ரெல் ஊசியை முன்கூட்டியே வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அது குறித்த மணிக்குப் போட வேண்டிய ஊசி, அந்த இரவில் கடை தேடக் கூடாது. காஸ ரெசெப்ட் 28 நாள் செல்லும், அதையும் மறக்க வேண்டாம்.

வடலி:

மிக்க நன்றி. சுற்று இடையில் நின்றுபோனால் காஸ பாதி கட்டும் மூன்று முயற்சியில் ஒன்று போய்விடுமா? உறைய வைத்த கருவுக்கு மருந்து கிடைக்குமா?

பனங்காடு:

முட்டையும் விந்தும் ஆய்வுகூடத்தில் சேர்க்கப்பட்டால்தான் ஒரு முயற்சியாக எண்ணப்படும். முட்டை வளராமல் அதற்கு முன்பே நிறுத்தினால் எண்ணிக்கை குறையாது. அதுவரை வாங்கிய மருந்தின் பாதி உங்கள் செலவு.

உறைய வைத்ததை உருக்கி வைக்கும் சுற்று 27a-இல் இல்லை. அதற்கான புரோஜெஸ்டரோன், ஈஸ்ட்ரஜன் எல்லாம் தனியார் ரெசெப்டில், முழு விலைக்கு. புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றுக்கு முன் முட்டையோ விந்தோ உறைய வைப்பதற்கு 2019இல் கொண்டுவந்த தனி ஏற்பாடு வேறு. ஆகவே சூலகம் அதிகமாகத் தூண்டப்பட்டு, எல்லாக் கருவையும் உறைய வைக்கச் சொன்னால் முயற்சி ஒன்று எண்ணப்பட்டு, கரு வைக்கும் செலவும் உங்கள் கையில் வரும். மருத்துவக் காரணம் இருந்தால் அதைத் தவிர்க்கச் சொல்லமாட்டேன், உடல்தான் முதல். ஆனால் அந்தத் தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

கார்காலம்:

மிச்சப் பாதிக்கு வழிகள். 2012இலிருந்து காஸக்கள் தங்கள் சொந்த விதியில் கூடுதலாகத் தரலாம். சில 100 வீதம் வரை தருகின்றன, சில தம்பதி இருவரும் தங்களிடமே இருந்தால்தான் தருகின்றன. மாறலாம், ஆனால் பழைய காஸ தந்த அனுமதி புதியதற்குச் செல்லாது, திரும்ப முதலிலிருந்து. விலகல் அறிவிப்புக் காலம் இரண்டு மாதம். ஓகஸ்ட் எல்லையை வைத்து, மாறினால் நேரம் போதுமா என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கோ.

மத்திய அரசும் சில மாநிலங்களும் சேர்ந்து தரும் மானியமும் உண்டு. ஐவிஎஃப் (ஆய்வுகூடக் கருத்தரிப்பு), இக்ஸிக்கு மட்டும், முதல் மூன்று முயற்சிக்கு உங்கள் பங்கில் 25 வீதம் வரை. எல்லா மாநிலமும் இதில் இல்லை, நிதி முடிந்தால் விண்ணப்பம் நிறுத்துவார்கள். இதற்கும் தொடங்குமுன் அனுமதி வேணும். அப்போதேக்கப் பற்றுச்சீட்டுகளை எறியாதீர்கள்: மானியத்துக்கும் வேணும், வருடாந்த வரிக் கணக்கில் அசாதாரணச் செலவு என்று காட்டவும் வேணும்.

காஸ மூன்று கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும், காஸக்களுக்கு ஆலோசனை சொல்லும் மருத்துவச் சேவையின் கருத்துக் கேட்டால் ஐந்து கிழமை. பதில் இல்லாவிட்டால் எழுத்தில் நினைவூட்டுங்கோ. மறுத்தால், கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் விடர்ஸ்ப்ருக் (எதிர்ப்புக் கடிதம்) எழுதலாம். ஸ்பெர்மியோகிராம் இடைவெளி குறைவு என்று மறுத்திருந்தால் எதிர்ப்பு எழுதி வாரங்களைக் கழிக்காமல், இரண்டாவது அறிக்கையை எடுத்துப் புது விண்ணப்பம் போடுவதே வேகமான வழி.