நிம்ஃபை மட்டும் வைத்துப் புது மேஃப்ளை இனத்துக்குப் பெயர் வைக்கலாமா?

கேள்வி:
ஓடைக் கற்களைப் புரட்டியதில் ஐந்து மேஃப்ளை நிம்ஃப்கள் (நீரில் வளரும், சிறகு முளைக்காத இளம் பருவம்) கிடைத்தன. பேட்டிடே குடும்பம் என்பது வரை உறுதி. வாயுறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால் கீழுதட்டு உணர்நீட்சியின் கடைசிக் கணு இதுவரை வந்த எந்த வரைபடத்தோடும் ஒத்துப்போகவில்லை. சிறகு முளைத்த பூச்சி ஒன்றுகூடச் சிக்கவில்லை. இதை மட்டும் வைத்து எழுதினால் செல்லுமா?

பதில் 1:
செல்லும். விலங்குப் பெயரிடல் விதிகள் எந்தப் பருவத்துப் பூச்சி என்று கேட்பதில்லை. ஹோலோடைப், அதாவது பெயருக்கு ஆதாரமாக வைக்கும் ஒற்றை மாதிரி, எது, எந்தச் சேகரிப்பில் வைக்கப்படுகிறது என்று கட்டுரையிலேயே சொல்லிவிடுங்கள். மின்னிதழில் மட்டும் வெளியிடுவதானால் ஸூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவு கட்டாயம்.

பதில் 2:
விதிப்படி சரிதான். ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் சொல்வேன். என் முதல் வரைவில் "பின்சிறகு மொட்டு இல்லை" என்று எழுதி, அதையே பேரினத்தின் அடையாளமாகவும் வைத்திருந்தேன். என்னிடம் இருந்தவை எல்லாம் பாதி வளர்ந்த நிம்ஃப்கள். மறுபடி போய்க் கடைசிப் பருவ நிம்ஃபைப் பிடித்து, முன்சிறகு மொட்டை ஊசியால் தூக்கினேன். அடியில் சின்னதாக ஒன்று இருந்தது! அன்றைக்கே வரைவைக் கிழித்துப் போட்டேன்.

இன்னொரு சிக்கல், பழைய இனங்கள் பலவற்றுக்குப் பறக்கும் பூச்சியின் விவரணை மட்டும்தான் உண்டு. உங்கள் நிம்ஃப் அவற்றில் ஒன்றின் பிள்ளையாக இருக்கலாம். வளர்ந்த பூச்சி சாப்பிடுவதே இல்லை, வாயுறுப்பு சுருங்கிப்போயிருக்கும். அதனால் உங்கள் உதட்டுக் கணுவை அதோடு ஒப்பிட வழியே இல்லை.

வளர்த்துப் பாருங்கள். சிறகு மொட்டு கறுத்த நிம்ஃபை, பக்கம் வலையடித்த டப்பாவில் போட்டு ஓடையிலேயே பாதி முங்க வையுங்கள். ஏறி வர ஒரு குச்சியும், மேலே வலையும் வேண்டும். வெளியே வந்ததும் ஆல்கஹாலில் போட்டுவிடாதீர்கள். அது இன்னும் சப்இமாகோதான், அதாவது சிறகு வந்தும் முழுதாக வளராத பருவம்; இன்னும் ஒருமுறை தோலை உரிக்க வேண்டும். சிறகு வந்த பிறகும் தோலுரிக்கும் பூச்சி இது ஒன்றுதான்; எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. உரிந்த இரண்டு தோலையும் பூச்சியோடு ஒரே குப்பியில் வையுங்கள். அந்த நிம்ஃப்தான் இந்தப் பூச்சியானது என்பதற்கு அதுவே சாட்சி.

கேட்டவர்:
ஐந்தில் இரண்டுக்கு மொட்டு நன்றாகக் கறுத்திருக்கிறது. ஆனால் எல்லாமே ஆல்கஹாலில் இருக்கின்றனவே. வீண்தானா?

பதில் 2:
இல்லை, அந்த இரண்டும்தான் பொக்கிஷம். தலையின் மேற்பக்கம் தோலுக்கு அடியில் பெரிய கண் வட்டமாகத் தெரிந்தால் ஆண். அதன் வயிற்று நுனித் தோலை மெதுவாக விலக்கினால், உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் இனவுறுப்பின் கவ்விகள் மடங்கிக் கிடக்கும். முழுசாக வடிவெடுத்திருக்காது, ஆனாலும் ஒப்பிட ஏதோ கிடைக்கும். பெண்ணாக இருந்தால் முட்டைகளை எடுத்து ஓட்டின் வேலைப்பாட்டைப் பாருங்கள். அப்புறம் ஒரு காலை டிஎன்ஏவுக்கு ஒதுக்குங்கள். பின்னாளில் யாராவது பறக்கும் பூச்சியைப் பிடித்தால், சிஓஐ என்ற, இனங்களை அடையாளம் காண உதவும் மரபணுவின் வரிசையை வைத்து இரண்டையும் சேர்த்துவிடலாம்.

செவுள்கள் தொட்டாலே உதிரும். படம் எடுத்து முடிக்கும்வரை அவற்றில் இடுக்கி படக்கூடாது.

கேட்டவர்:
ஒன்றில் கண் வட்டம் தெரிகிறது. முதலில் படம், அப்புறம்தான் ஊசி.