மறு: “எர்த் ஃபால்ட்” – கால்நடை மின்வேலிக் கையேட்டுக்கு என்ன சொல்?

> “புவியிணைப்புப் பழுது” இருக்கிறதே, ஐயா. பாடநூலில் உள்ள சொல்தான்.

பாடநூலுக்குப் போதும், கையேட்டுக்குப் போதாது. காங்கயம் பக்கம் கொரங்காடு எனும் மேய்ச்சல் நிலத்தில் வெளியே கிளுவை வேலி, உள்ளே மேய்ச்சலைப் பிரிக்க ஒற்றை மின்கம்பி. மாடு அதைத் தாண்டிவிட்டால் எலக்ட்ரீசியன் வந்து “எர்த் பிரச்சினைங்க” என்பார். அந்தப் பேச்சு நேரெதிரான இரண்டு கோளாறுகளுக்கும் பொருந்தும்.

மழைக்குப் பிறகு கொழுக்கட்டைப்புல் வளர்ந்து கம்பியைத் தொடும், அல்லது இன்சுலேட்டர் விரிசல் விட்டுக் கம்பி கல்தூணில் உரசும். எனர்ஜைசர் என்ற கருவி கம்பியில் அனுப்பும் மின்துடிப்பு வழியிலேயே மண்ணில் இறங்கிவிடும். 6,000 வோல்ட் காட்டிய வேலி 1,500க்கு விழும். மாட்டுக்கு 3,000மாவது வேண்டும்.

சித்திரை வெயிலில் நடப்பது வேறு. எனர்ஜைசரோடு இணைத்து மண்ணில் அடித்த எர்த் ராடு நிற்கும் மண் காய்ந்துவிடும். மாடு கம்பியைத் தொட்டாலும், துடிப்பு மண் வழியாக எனர்ஜைசருக்குத் திரும்பிப் போக முடியாது. மீட்டரோ நன்றாகத்தான் காட்டும். “மெஷின் டிக் டிக்குனு ஓடுது, மாடுதான் மதிக்கமாட்டேங்குது” என்று போன் வரும்.

முன்னதற்குப் புல்லை வெட்ட வேண்டும், பின்னதற்கு ராடு கூட்ட வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், புல்லை வெட்ட வேண்டியவர் கடப்பாறையைத் தூக்குவார். என் முன்மொழிவு: முதலாவது மண்கசிவு, அடுத்தது மண்பிடிக் குறைவு.

> நீர்க்கசிவு என்றால் நீர் கசிவது. மண்கசிவு என்றால் மண்ணா கசிகிறது?

சரியான பிடி, அம்மா. தரைக்கசிவு என்று மாற்றினாலும் அதே சிக்கல்தான். “கரண்ட் மண்ணுல இறங்குது” என்று ஊரில் சொல்வதையே எடுத்து ‘மண்ணிறக்கம்’ என்று வைக்கலாமா? மண்சரிவோடு குழம்பாது. ‘மண்பிடி’யை மட்டும் விட மனமில்லை, ராடு மண்ணைப் பிடித்திருக்கிறதா என்பதுதானே கேள்வி.

கையேட்டு வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்:

“எனர்ஜைசரை நிறுத்தவும். அங்கிருந்து 100 மீட்டராவது தள்ளி, சில இரும்புக் கம்பிகளை வேலியில் சாய்த்து மண்ணில் ஊன்றவும். மீண்டும் ஓடவிட்டு, வேலியின் வோல்ட்டேஜ் 2,000க்குக் கீழே இறங்கியதா பார்க்கவும். இப்போது கடைசி எர்த் ராடில் அளக்கவும். 300க்கு மேல் காட்டினால் மண்பிடிக் குறைவு.”

மண்ணிறக்கத்துக்கு இவ்வளவு வேண்டாம். வேலியைப் பகுதி பகுதியாகக் கழற்றி அளந்தாலே பிடிபடும். பழைய மீடியம்வேவ் ரேடியோ இருந்தால் இன்னும் சுலபம். நிலையம் எதுவும் எடுக்காத இடத்தில் முள்ளை நிறுத்தி வேலியோரம் நடந்தால், பொறி அடிக்கும் இடத்தை நெருங்க நெருங்க ‘டப் டப்’ உரக்கக் கேட்கும்.

> ‘மின்வேலி’ என்ற பெயரே இடிக்கிறது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கொடுத்து யானையும் ஆளும் சாகும் செய்திகளில் வருவது அந்தச் சொல்தான்.

ஒப்புக்கொள்கிறேன். இதில் வருவது விநாடிக்கு ஒரு துடிப்புக்கு மேல் போகாத, கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும் அதிர்ச்சி. ‘துடிப்புவேலி’ என்று தலைப்பிடுவோம்; நேரடி இணைப்பு கொடுக்கவே கூடாது என்ற எச்சரிக்கை முதல் பக்கத்திலேயே வரட்டும். ‘எர்த் ராடு’ அப்படியே இருக்கட்டும், கடையில் அப்படித்தான் கேட்பார்கள். எனர்ஜைசருக்கான சொல்லைத் தனி இழையில் பேசலாம்.