மணமான கொழுந்தனாரின் சம்பளம் எங்கள் குடும்ப வருமானத்தில் சேருமா?

கேள்வி: வணக்கம். கொருக்குப்பேட்டையில் ஒற்றை அறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மணமான கொழுந்தனாரும் அவர் மனைவியும் எங்களுடனேயே வசிப்பதால், குடும்ப அட்டையில் எல்லோர் பெயரும் உள்ளது. மலிவு வாடகை வீட்டுக்கு விண்ணப்பித்தால் அவர் சம்பளத்தையும் கூட்டுவார்களா?

பதில் 1: சகோதரி, பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு விதிகளில், கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் ஆகியோரே ஒரு குடும்பம் என்பதால், கொழுந்தனார் தனிக் குடும்பமாவார். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை நலிந்த பிரிவு. அதற்கு மேல் 6 லட்சம் வரை குறைந்த வருவாய்ப் பிரிவு. ஆனால் மணமாகாத மகன் வேலைக்குப் போனால் அந்தச் சம்பளம் சேரும்; இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பதில் 2: விதி அதுதான். ஆயினும் எங்கள் குடும்ப அட்டையில் ஆறு பெயர்களைக் கண்ட எழுத்தர், பென்சிலால் சுழித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அட்டையைப் பிரித்து, வருமானச் சான்றிதழைப் புதிதாக வாங்கிச் சென்ற பிறகே விண்ணப்பத்தை ஏற்றார்கள். நீங்களும் முதலில் அட்டையைப் பிரித்துவிடுங்கள், அம்மா.